பள்ளத்தில் வைக்கும் பெட்டி

1981 பிப்ரவரி 17, செவ்வாய்

இன்றும் பிலிம் கிழிந்தது. பெட்டியை ஃபோர்க்லிஃப்டில் எட்டடி உயரத்துக்கு ஏற்றி, கடைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் விட்டோம். இது நான்காவது முறை. பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கால் அங்குல எஃகுத் தகட்டுக்கு என்ன ஆகும்? திறந்து பார்த்தால் உள்ளே கேமரா பிலிமை மென்று வைத்திருக்கிறது.

இர்வ் காபிக் கோப்பையோடு வந்து நின்றான். கேமரா வாடகைக்கு விடும் இந்தக் கடை அவனுடையது, சிரிக்க உரிமை உண்டு. "இந்தக் கேமரா நார்மண்டியில போய் இறங்கினது, வெர்ன். ஜெர்மன்காரன் சுடச்சுட ஓடிச்சு. உன் கைக்கு வந்ததும் உசிரை விட்டுடுச்சே."

போரில் ஓடியபோது அது ஒரு சிப்பாயின் கையில் இருந்தது. சிப்பாய் வளைந்து கொடுப்பான். எஃகுப் பெட்டி கொடுக்காது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பான்.

பிப்ரவரி 19, வியாழன்

ஏன் கிழிகிறது என்று தெரிந்துவிட்டது. லென்ஸுக்குப் பின்னால் படம் பதியும் இடத்துக்கு மேலும் கீழும் பிலிமைத் தளர்வாக ஒரு வளையம் விட்டுத்தான் மாட்டுவோம். பெட்டி தரையில் மோதும் நொடியில் கீழ் வளையம் இறுகிவிடுகிறது. அடுத்த பல்சக்கரம் இழுக்கும்போது கிழிகிறது. தெரிந்துவிட்டது, சரி. அதை நிறுத்துவது எப்படி?

பிப்ரவரி 24, செவ்வாய்

என் மனைவி லினெட்டுக்குச் சங்கத்தின் கேமரா ஆபரேட்டர் அட்டை வந்துவிட்டது. பதினொரு வருடம் மற்றவர்களின் கேமராவுக்கு ஃபோகஸ் வளையம் திருப்பினாள், பெட்டி தூக்கினாள், ஸ்லேட் அடித்தாள். இப்போது அவளே கேமராவில் கண் வைத்துப் படம் எடுக்கலாம். சங்கத்தில் அந்த அட்டை உள்ள பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பர்பேங்க் முனையில் இருக்கும் மெக்சிகன் கடையில் சாப்பிட்டோம். இரண்டு மார்கரீட்டா குடித்துவிட்டு, பரிமாறும் பெண்ணிடம் அட்டையைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனாலும் கை தட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் சொன்னாள். முதல் வேலையும் கிடைத்துவிட்டதாம். சண்டைக் காட்சிகள் எடுக்கும் இரண்டாம் யூனிட். இயக்குநர் ராய் பெட்டிக்ரூ. சன் வேலி சரளைக் குவாரியில் ரொட்டி வேன் ஒன்று சரிவிலிருந்து பாய்ந்து பள்ளத்தைத் தாண்ட வேண்டும். பள்ளத்துக்குள்ளிருந்து மேலே பார்த்து எடுக்கும் கோணம் அவளுக்கு. மார்ச் 26.

எந்தப் பள்ளத்துக்காக நான் ஜனவரியிலிருந்து பெட்டி செய்துகொண்டிருக்கிறேனோ, அதே பள்ளம்.

அவளை வாழ்த்தினேன். வாழ்த்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 25, புதன்

எழுதி வைத்தால் தெளிவாகும்.

போன அக்டோபரில் உருண்டு வந்த கார் ஒன்று கில் என்ற ஆபரேட்டரின் இடுப்பில் ஏறியது. கில் இன்னும் ஊன்றுகோலில்தான் நடக்கிறான். அதற்குப் பிறகு பெட்டிக்ரூ கடைக்கு வந்தார். "ஆள் இல்லாம ஓடற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. மலிவா இருக்கணும். உடைஞ்சா நான் அழக் கூடாது." அதனால்தான் இந்தப் பழைய செய்திப்படக் கேமராக்கள். நூறடிச் சுருள்தான் பிடிக்கும், ஆனால் முழுக்க இரும்பு. மூன்று லென்ஸ் சுழலும் மூக்கை அறுத்து எறிந்துவிட்டு, சாதாரண ஸ்டில் கேமரா லென்ஸ் மாட்டும்படி வளையம் கடைந்தேன். சாவி கொடுக்கும் சுருள்வில்லை எடுத்துவிட்டு மோட்டார் வைத்தேன்.

பெட்டி வேலை செய்தால் பள்ளத்தில் பெட்டி இருக்கும். செய்யாவிட்டால் லினெட் இருப்பாள். இவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 1, ஞாயிறு

கடைக்குக் கிளம்பினேன். வாசலில் மறித்தாள்.

"கில்லுக்கு இடுப்பு உடைஞ்சப்போ என்ன பண்ணினே? கார்ட் அனுப்பினே. படுக்கப் போறது நான்னா பெட்டி செய்யறே."

"பெட்டியை ஜனவரியிலயே ஆரம்பிச்சாச்சு, லினெட்."

"ஜனவரியில ஞாயித்துக்கிழமை கடைக்குப் போனியா?"

கார்ச் சாவியைத் தேடினேன்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு. இந்த ஷாட்டை எடுத்தாத்தான் அடுத்த ஆள் என்னைக் கூப்பிடுவான். பெட்டி எடுத்தா பெட்டியைக் கூப்பிடுவான். இதுகூடப் புரியாதா உனக்கு?"

புரிகிறது. புரிந்தும் கடைக்குப் போனேன். அப்படிப் போனதற்குக் கைமேல் பலன் – மூடியின் விளிம்பில் வெளிச்சம் கசிந்து பிலிம் முழுக்க மூட்டம்.

மார்ச் 8, ஞாயிறு

பாசடீனா மைதானத்துச் சந்தை. பழைய டோஸ்டர்களுக்கும் பொம்மைகளுக்கும் நடுவில் இன்னும் இரண்டு கேமரா கிடைத்தன. விற்ற கிழவருக்கு அவை எதற்கென்றே தெரியவில்லை. "கதவு அடையாம முட்டுக் குடுக்க நல்லா இருக்கும்" என்றார். ஒன்றில் பல்சக்கரம் புத்தம் புதிதாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

கிழியவில்லை.

கீழ் வளையத்துக்குப் பின்னால் பித்தளைத் தகட்டில் ஒரு சிறு தடுப்பு வைத்துப் பற்றவைத்தேன். வளையம் இறுகப் போனால் தடுப்பில் முட்டித் திரும்புகிறது. எட்டடியிலிருந்து மூன்று முறை, பத்தடியிலிருந்து ஒரு முறை போட்டோம். நான்கு சுருளும் சுத்தம். இர்வ் ஒன்றும் சொல்லாமல் தன் டோனட்டில் பாதியைப் பிய்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

தூரத்திலிருந்து ஓட வைக்கக் கராஜ் கதவு திறக்கும் ரிமோட்டையே மாட்டிவிட்டேன். பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஓடும், விட்டால் நிற்கும். மலிவு.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

குவாரியில் பெட்டிக்ரூ முன்னால் ஒத்திகை. ஒரு பழைய காரைப் பெட்டிக்கு நாலடி தள்ளி ஓட்டினார்கள். நான் குறித்த இடத்தில் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் சுருள் தீர்ந்து கிடக்கிறது. நான் தொடுவதற்கு முன்பே முழுச் சுருளும் ஓடிவிட்டது. எப்படி?

மாலை ஐந்து மணிக்கு லேபில் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகப் படம். எல்லாம் துண்டு துண்டு. எல்லாத் துண்டிலும், பெட்டிக்கு எதிரே நின்ற பெட்டிக்ரூ வாக்கி-டாக்கியை வாயில் வைத்துக்கொண்டு கத்துகிறார். அவர் வாக்கி-டாக்கியை அழுத்தும்போதெல்லாம் அந்த அலை என் ரிமோட்டை முடுக்கியிருக்கிறது.

"நான் வாயத் திறக்கறப்பெல்லாம் எடுத்திருக்கா இது?" என்றார் பெட்டிக்ரூ.

"அதான் பிலிம் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துச்சு" என்றாள் லினெட்.

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். விளக்கைப் போட்டதும் பெட்டிக்ரூ என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இருபத்தாறாம் தேதி லினெட் இறங்கட்டும். பெட்டியை ஒரு ஓரமா வெச்சுக்கோ, ஓடினா ஓடட்டும்."

ஐந்து டாலர் ரிமோட். வாக்கி-டாக்கி இல்லாத படப்பிடிப்பை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூட இல்லை. ஏன் தோன்றவில்லை? முட்டாள். முழு முட்டாள்.

மார்ச் 18, புதன்

ரிமோட்டைக் குப்பையில் போட்டுவிட்டு முந்நூறடி வயர் இழுத்தேன். ஒரு முனையில் பெட்டி, மறுமுனையில் சுவிட்ச். இருபது முறை பார்த்தேன். இருபது முறையும் ஓடியது. பெட்டிக்ரூவுக்கு ஃபோன் செய்தேன்.

"சந்தோஷம். ஆனா முடிவு பண்ணியாச்சு, வெர்ன். ஆள் இருந்தா வேன் கொஞ்சம் விலகி வந்தாலும் கேமராவைத் திருப்புவா. உன் பெட்டி திருப்புமா?"

திருப்பாது.

மார்ச் 21, சனி

லினெட்டோடு குவாரிக்குப் போனேன். அவள்தான் கூப்பிட்டாள். பார்த்தால் பயம் போகும் என்று நினைத்தாள். பள்ளம் ஐந்தடி ஆழம், பக்கங்களில் பலகை அடித்திருக்கிறார்கள். அவள் மல்லாந்து படுத்தால் வேனின் வயிறு ஒன்பதடிக்கு மேலே போகும் என்று கணக்கு.

ஓட்டப்போகிறவன் டஸ்டி. முன்பல் இரண்டும் பொய். "நான் அளந்துதான் குதிப்பேன், மேடம்" என்றான் லினெட்டிடம். "ஆனா வேனும் அளந்து குதிக்குமான்னு அதுகிட்டத்தான் கேக்கணும்."

லினெட் சிரித்தாள். உள்ளே இறங்கிப் படுத்து, இரண்டு கையால் கேமரா பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். "இங்கேர்ந்து எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" என்றாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

காரில் கேட்டேன். "வேண்டாம்னு சொல்லலாம் லினெட். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"எல்லாரும் நினைப்பாங்க. கேட்டதுக்கு நன்றி. மாட்டேன்."

மார்ச் 25, புதன்

நாளைக்கு அவள் கையில் பிடிக்கும் கேமரா சுத்தம் செய்ய என் மேசைக்கு வந்தது. நாலரை மணி. எப்போதும்போலக் கேமராவின் கதவைத் திறந்து அழுத்தத் தகட்டைக் கழற்றினேன். பிலிமைப் பின்னாலிருந்து தட்டையாகப் பிடிக்கும் தகடு. அது இல்லாவிட்டால் எந்தப் படமும் கூர்மையாக வராது. சாமுவா என்ற மென்தோலால் துடைத்தேன்.

துடைத்த தகட்டைத் தோலோடு மேசையில் மறந்துவிட்டுக் கேமராவை மூடி அனுப்புவது இந்தத் தொழிலில் புதுப் பையன்கள் செய்யும் தப்பு. ஆளுக்கு ஒரு முறை செய்வார்கள். நான் செய்ததே இல்லை.

தகட்டைச் சட்டைப் பையில் போட்டேன். கேமராவை மூடினேன். சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 26, வியாழன்

காலை 7.40. லினெட் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கேமராவைத் திறந்தாள், பிலிம் மாட்ட. நான் அறுபதடி தள்ளி வயர் சுவிட்சைப் பிடித்தபடி நின்றேன். அவள் உள்ளே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியவில்லை. மற்றதெல்லாம் சொல்ல முடிகிறது.

"ராய், அழுத்தத் தகடு இல்ல" என்றாள். "துடைக்கறப்போ எடுத்து வெச்சுட்டு மறந்திருக்காங்க."

மறந்திருக்காங்க என்றாள். யார் என்று சொல்லவில்லை.

பெட்டிக்ரூ என் முன்னால் வந்து நின்றார். "பத்தொன்பது வருஷமா இதானே உன் வேலை?"

"ஆமா."

"வேற தகடு?"

"இதுக்குப் பொருந்தறது பர்பேங்க்லதான் இருக்கு. போக வர ஒரு மணி நேரம்."

ஒன்பது மணிக்குக் குவாரியில் வெடி வைப்பார்கள். எட்டரைக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நேற்றே தெரியும். பெட்டிக்ரூ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "பெட்டியை இறக்குங்கடா."

8.15. மற்ற கேமராக்களை ஓடச் சொல்லி அவர் கத்தியபோது நான் அழுத்தவில்லை. இரட்டை வேகத்தில் என் சுருள் முப்பத்து மூன்று விநாடிதான் வரும். குறிக்கு வைத்த சிவப்புப் பீப்பாயை வேன் தாண்டியதும் அழுத்தினேன். ஓடியது. வேன் சரிவின் விளிம்பை விட்டுக் கிளம்பியது. பின் பம்பர் விளிம்பில் உரசும் சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. பள்ளத்தைத் தாண்டி நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்கின. டஸ்டி கையை ஆட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

லினெட்டும் நானும் பள்ளத்துக்கு ஓடினோம். பம்பரைத் தாங்கும் இரும்புப் பட்டை, இரண்டடி நீளம், பிய்ந்து விழுந்து பெட்டியின் முகத்தில் அடித்திருந்தது. எஃகில் கட்டைவிரல் ஆழத்துக்குக் குழி. லென்ஸுக்கு முன்னாலிருந்த பிளாஸ்டிக் ஜன்னல் குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

அவள் பார்த்தாள். நான் பார்த்தேன்.

மார்ச் 27, வெள்ளி

லேபில் படம் போட்டார்கள். மிக நல்ல ஷாட். வேனின் வயிறு வானத்தை மறைத்துக்கொண்டு வருகிறது. வலது மூலையில் பட்டை பிய்கிறது, சுழன்றபடி நேராக லென்ஸுக்கு வருகிறது, பிறகு இருட்டு. பெட்டிக்ரூ மூன்று முறை போடச் சொன்னார். "தங்கம்" என்றார்.

பிறகு நான் எடிட்டிங் மேசையில் கட்டம் கட்டமாக எண்ணினேன். பட்டை கண்ணில் பட்டதிலிருந்து அடிக்கும் வரை பதினான்கு கட்டம். விநாடிக்கு நாற்பத்தெட்டு. விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஒருத்தி தலையை நகர்த்த முடியுமா? ஒரு கண் வியூஃபைண்டரில், கையில் பதினைந்து பவுண்டு கேமராவோடு? முடியாது என்று நினைக்கிறேன். முடியும் என்றும் சிலர் சொல்வார்கள். பேஸ்பால் ஆடுகிறவன் பாய்ந்து வரும் பந்தை அடிக்கவில்லையா?

யாரிடம் கேட்பது?

மார்ச் 28, சனி

தகட்டைச் சமையலறை மேசையில் வைத்தேன். லினெட் அதை எடுக்கவில்லை.

"கேமராவைத் திறந்தப்பவே தெரியும். நீ மறக்கற ஆள் இல்ல."

"அந்தப் பட்டையைப் பார்த்தே இல்ல?"

"பார்த்தேன். நான் இருந்திருந்தா நகர்ந்திருப்பேன். உன் பெட்டிக்குக் கழுத்து இல்ல, எனக்கு இருக்கு."

"பதினாலு கட்டம், லினெட். நான் எண்ணினேன்."

"அது என் கழுத்து. என்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டேனே! காரில கேட்டேனே!"

"கேட்டே. மாட்டேன்னேன். அதுக்கப்புறம் திருடினே." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ராய்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும், அதனால சொல்லல. ஆனா இனிமே கேமராவைத் திறக்கறப்பெல்லாம் நீ இதைத் தொட்டிருப்பியோன்னு யோசிச்சிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

ரெசீடாவில் அவள் சிநேகிதி வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். இரண்டு சூட்கேஸ், அவளுடைய லைட் மீட்டர், பூனை – எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பூனையாவது இருக்கட்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

இந்த மாதம் மட்டும் நான்கு கம்பெனிகள் பெட்டி கேட்டிருக்கின்றன. கடையில் எல்லோருக்கும் சந்தோஷம். ரொட்டி வேன் ஷாட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்களாம். அதை எடுத்தது யார் என்று கேட்டால், பெட்டி.

ஏப்ரல் 30, வியாழன்

பெட்டிக்ரூவின் அடுத்த படத்துக்கு வேறு ஆபரேட்டர். இர்வ்தான் சொன்னான். "கட்டினவனே கேமராவை ஒழுங்கா அனுப்பல, இவளை நம்பி எப்படின்னு யாரோ சொன்னாங்களாம். அந்தத் தகடு எப்படிடா விட்டுப் போச்சு? எனக்கு இன்னும் ஆறல."

அவனிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் பேர் தேறுமா? நான் போவேன், அவளும் ஒரு கதையாவாள் – புருஷன் பள்ளத்தில் இறங்க விடாத பொம்பளை. சொல்லாவிட்டால்? இப்போதே அவளுக்குத்தானே நஷ்டம்? எப்படிப் பார்த்தாலும் அவள் தலையில்தான் விடிகிறது. நான் செய்து வைத்த காரியம் இது. நான்.

மே 19, செவ்வாய்

இர்வ்விடம் சொல்லிவிட்டேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். அப்புறம், "நீ மறந்துட்டேன்னு நினைச்சிட்டிருந்தப்போ உன்மேல மரியாதை ஜாஸ்தியா இருந்துச்சு" என்றான். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பெட்டிக்ரூவுக்கு அவனே ஃபோன் செய்தான். கதவைச் சாத்திக்கொண்டு பேசினான்.

மே 20, புதன்

பெட்டிக்ரூ இனி எங்கள் கடைக்கு வரமாட்டார். சரிதான்.

ஜூலை 9, வியாழன்

எடிட்டிங் அறைப் பெண் ஒரு லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். போகும்போது சொன்னாள், "உன் வீட்டம்மா போன வாரம் வந்தா. அந்த வேன் துண்டைக் கேட்டு வாங்கி அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டினா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கட்டத்தை எண்ணினா. பதினாலுன்னு வெர்ன் சொன்னானேன்னேன். 'பதிமூணு'ன்னா."

நான் திரும்பப் போய் எண்ணவில்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்

"முன்னால உனக்கு ஒரு வாடிக்கை. சட்டையை உள்ள விட்டுக்கோ" என்றான் இர்வ்.

லினெட். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். புது இயக்குநர் ஒருவர் இரண்டாம் யூனிட்டின் கேமரா முழுவதையும் அவளிடம் கொடுத்திருக்கிறாராம். பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கம், சரக்கு ரயில்.

"மூணு பெட்டி வேணும்."

"ஆபரேட்டர் யாரு?"

"டீக்னு ஒருத்தன். ஆறடி நாலங்குலம். தண்டவாளத்துக்கு நடுவுல படுக்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னான்."

"நீ என்ன சொன்னே?"

"மாட்டேன்னேன். மூஞ்சிக்கு நேரா. மூணு நாளா என்கூடப் பேசல."

மூன்று பெட்டியையும் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். என்னைத் தெரிந்த உதவியாளர்கள் யாரும் திறந்து பார்ப்பதில்லை, சீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார்கள். லினெட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மூன்றையும் திறந்தாள். மூன்றிலும் கதவைத் திறந்து தகட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டினாள். மூன்றிலும் ஒரு சுருள் ஓட்டினாள். ஐம்பது நிமிடம் ஆயிற்று. நான் மேசை விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

கையெழுத்துப் போட்டாள். பெட்டி ஒவ்வொன்றும் முப்பத்தெட்டு பவுண்டு. முதல் பெட்டியை அவளே தூக்கி வேனில் வைத்தாள். இரண்டாவதுக்குக் குனிந்தபோது, ஒரு பக்கம் நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "பிடி" என்றாள்.